லினக்ஸில் நெட் வேகம்: கேபிளில் தொடங்கி கர்னல் வரை செய்து பார்த்தது

இணைப்பு: டவுன்லோடு 200, அப்லோடு 20 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்). நெட் நிறுவனத்துக்குப் பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து நுழையும் பிபிபிஓஇ லாகின் ரவுட்டரிலேயே இருக்கிறது. கணினியில் டெபியன் லினக்ஸ். வேகத்தைக் கூட்டும் என்று சொல்லப்படும் அமைப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டு, முன்னும் பின்னும் அளந்து பார்ப்பதுதான் வேலை. இரண்டு மாற்றத்தைச் சேர்த்துச் செய்தால் எது பலன் தந்தது என்றே தெரியாமல் போகும். கட்டளைகள் இங்கே தமிழ் எழுத்தில் இருந்தாலும் டெர்மினலில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. 200 எம்பிபிஎஸ் என்பது பிட் கணக்கு; பிரவுசர் காட்டுவது பைட். எட்டால் வகுத்தால் நொடிக்கு 25 எம்பி (மெகாபைட்). அவ்வளவு வருகிறது என்றால் டவுன்லோடு வேகத்தில் சரிசெய்ய ஒன்றுமே இல்லை.

கேபிள்

வேகம் 94-இல் போய் அப்படியே நிற்கிறதா? லினக்ஸின் மையப் பகுதியான கர்னலைத் தொடவே வேண்டாம். 100 எம்பிபிஎஸ் ஈத்தர்நெட்டில் பாக்கெட் எனப்படும் தரவுத் துண்டு ஒவ்வொன்றிலும் ஒட்டும் தலைப்புத் தகவலான ஹெடர்களுக்குப் போக மிஞ்சுவது சுமார் 94தான். 'எத்டூல்' கட்டளையோடு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்தால் 'ஸ்பீடு' வரியில் 100 என்று இருக்கும். 1000-க்கு, அதாவது கிகாபிட்டுக்கு, நான்கு ஜோடிக் கம்பியும் வேண்டும். 100-க்கு இரண்டு ஜோடி போதும். கேபிள் முனையில் பிளக்கைக் கிரிம்ப் செய்ததில் 4, 5, 7, 8-ஆம் பின்களில் ஒன்று ஒட்டாமல் போனாலும் இணைப்பு 100-க்கு இறங்கி, ஒன்றும் ஆகாதது போல ஓடிக்கொண்டிருக்கும்.

கேபிளை மாற்றுவதற்கு முன் அதே எத்டூல் வெளியீட்டில் எதிர்முனை அறிவிக்கும் வேகங்களையும் பார்க்க வேண்டும். அங்கே 1000 இல்லையென்றால் குறை பெரும்பாலும் ரவுட்டர் போர்ட்டில். ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றவை 100 என்று வரும் பெட்டிகள் நிறைய. போர்ட்டை மாற்றிச் செருகினால் வேலை முடிந்தது. எத்டூலில் வேகத்தை 1000 என்று கட்டாயப்படுத்துவது வீண். இரு முனையும் வேகத்தைத் தாமே பேசி முடிவு செய்யும் ஆட்டோ நெகோஷியேஷன் கிகாபிட்டுக்கு அவசியம்; அதை அணைத்தால் இணைப்பே விழலாம்.

வைஃபை

'ஐடபிள்யூ டெவ் … லிங்க்' என்று தட்டினால் (… இடத்தில் கார்டின் பெயர்) சிக்னல் அளவு தெரியும். -50 டிபிஎம் நல்லது. -70-க்குக் கீழே போனால் மென்பொருளால் மீட்க முடியாது, ரவுட்டரை நகர்த்துவதுதான் வழி. பவர் சேவ் அமைப்பை நெட்வொர்க்மேனேஜரில் 'வைஃபை.பவர்சேவ்' மதிப்பை 2 ஆக்கி அணைக்கலாம். பிங்கில் (பாக்கெட் போய்வரும் நேரத்தில்) வரும் ஏற்ற இறக்கம் குறையுமே தவிர டவுன்லோடு எண் பெரிதாக அசையாது. 'ஐடபிள்யூ ரெக் கெட்' 00 என்று காட்டினால் நாட்டுக் குறியீடு அமையவில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் பல சேனல்கள் அடைபட்டிருக்கும். இந்தியாவுக்கு ஐஎன், இலங்கைக்கு எல்கே.

எம்டியு

சில தளங்கள் மட்டும் பாதியில் தொங்கி, மற்றவை பறந்தால் சந்தேகப்பட வேண்டிய இடம் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. பிபிபிஓஇ 8 பைட்டை எடுத்துக்கொள்வதால் 1500-இல் மிஞ்சுவது 1492. சோதிக்க: 'பிங் -எம் டூ -எஸ் 1464'. 1464-உடன் ஐபி, ஐசிஎம்பி ஹெடர்களின் 28 பைட் சேர்ந்தால் சரியாக 1492. 1464 போய், 1472 போகாமல் பிழை காட்டினால் கணக்கு சரி. ரவுட்டர் எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பாக்கெட்டில் ஏற்றும் தரவின் உச்ச அளவு) தானே குறைத்துவிட்டால் பிரச்சினையே தெரியாது. குறைக்காவிட்டால் நெட்வொர்க்மேனேஜரின் 'என்எம்சிஎல்ஐ' கட்டளை கொண்டு கார்டின் எம்டியுவை 1492 ஆக்கவும். சரியான அளவைக் கர்னலே தேடிக்கொள்ளும் 'டிசிபி_எம்டியு_புரோபிங்' 1 மட்டும் போதும் என்று விட்டுவிட்டால் பாதிதான் தீரும்: அது நாம் அனுப்பும் பாக்கெட்டுகளுக்கு மட்டும். வரும் பாக்கெட்டின் அளவை எதிர்முனை நாம் அறிவிக்கும் எம்எஸ்எஸ்-ஐப் பார்த்தே முடிவு செய்கிறது.

பஃபர்: டவுன்லோடு வேகத்துக்குச் சிஸ்சிடிஎல் (கர்னல் அமைப்புகளை மாற்றும் கட்டளை) நிஜமாகப் பலன் தரும் ஒரே இடம்

பக்கத்துச் சர்வரில் முழு 200 வருகிறது. அமெரிக்கச் சர்வரிலிருந்து ஒரே கோப்பை எடுத்தால் 100-ஐ ஒட்டி நிற்கிறது. காரணம் கணக்கிலேயே கிடைக்கும். பல கர்னல்களில் பெறும் பஃபரை (வரும் தரவைத் தற்காலிகமாக வைக்கும் நினைவகம்) அமைக்கும் 'டிசிபி_ஆர்மெம்'-இன் மூன்றாம் எண், உச்ச வரம்பு, 6291456 பைட், அதாவது 6 எம்பி. அதில் ஏறக்குறைய பாதிதான் விண்டோவாக (நம் பதில் வரும் முன் எதிர்முனை அனுப்பக்கூடிய அளவு) கிடைக்கும். போய்வர 250 மில்லிநொடி என்றால், கால் நொடிக்கு 3 எம்பி, நொடிக்கு 12 எம்பி, 100 எம்பிபிஎஸ். 200-ஐ நிரப்பத் தேவை 200 × 0.25 ÷ 8 = 6.25 எம்பி விண்டோ.

எனவே /ஈடிசி/சிஸ்சிடிஎல்.டி அடைவில் 99-இல் தொடங்கும் கோப்பு ஒன்றில்:

நெட்.ஐபிவி4.டிசிபி_ஆர்மெம் = 4096 131072 16777216

பிறகு 'சிஸ்சிடிஎல் --சிஸ்டம்'. முதல் இரண்டு எண்கள் இயல்பானவை. பெரிதாக்க வேண்டியது மூன்றாவது மட்டும். நடு எண்ணையும் 16 எம்பி ஆக்கச் சொல்லும் குறிப்புகள் உலவுகின்றன. அப்படிச் செய்தால் ஒவ்வொரு சாக்கெட்டும் (இணைப்பும்) அந்தப் பெரிய அளவிலேயே தொடங்கும். கர்னல் பார்த்துப் பார்த்துக் கூட்டுவதற்கு இடமில்லாமல் போகும். 'ஆர்மெம்_மேக்ஸ்'-ஐ ஏற்றிவிட்டு ஒன்றும் மாறவில்லையே என்று குழம்புவதும் வழக்கம். அது பஃபர் அளவைத் தானே கேட்டு வாங்கும் நிரல்களுக்கான வரம்பு. டிசிபியின் தானியங்கி ஏற்றம் அதைப் பார்ப்பதில்லை.

மாற்றும் முன் ஒரு சோதனை: அதே கோப்பை ஏரியா2 டவுன்லோடு நிரலில் நான்கு இணைப்பாக இழுக்கவும். மொத்த வேகம் கூடினால் தடை ஒரு இணைப்புக்கு உரியது. அது நம் விண்டோவாக இருக்கலாம், சர்வர் வைத்த வரம்பாகவும் இருக்கலாம். பஃபரைப் பெரிதாக்கிய பிறகும் ஒற்றை இணைப்பு அசையவில்லை என்றால் சர்வர் பக்கமும் அனுப்பும் பஃபரும்தான் பாக்கி. 50 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவருக்கு இந்த வரியே தேவையில்லை. 250 மில்லிநொடிக்கும் பழைய 6 எம்பி தாராளம்.

பிபிஆர்

நெரிசலுக்கேற்ப அனுப்பும் வேகத்தை முடிவு செய்யும் ஒரு முறை. கூகுள் உருவாக்கியது, 2016-இல் கர்னல் 4.9-இல் சேர்ந்தது. 'மோட்புரோப் டிசிபி_பிபிஆர்', பிறகு 'டிசிபி_கன்ஜெஷன்_கன்ட்ரோல் = பிபிஆர்'. டவுன்லோடில் மாற்றம் பூஜ்யம், அப்படித்தான் இருக்கவும் வேண்டும்: நெரிசல் கட்டுப்பாடு அனுப்புபவரின் வேலை. டவுன்லோடில் அனுப்புபவர் சர்வர். அங்கே ஓடுவதை நாம் மாற்ற முடியாது. பாக்கெட் தொலையும் வைஃபையில் பெரிய கோப்பை அப்லோடு செய்யும்போதுதான் பலன் தெரியும். இயல்பாக வரும் கியூபிக் முறை ஒவ்வொரு இழப்பையும் நெரிசலாக எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கும். பிபிஆர் அப்படிப் பதறாது.

அப்லோடு ஓடும்போது எல்லாம் திணறுவது

வேக எண்ணில் தெரியாத, ஆனால் அன்றாடம் எரிச்சலூட்டும் கோளாறு. ஒரு ஜன்னலில் பிங், இன்னொன்றில் பெரிய அப்லோடு. பிங் பலமடங்கு ஏறினால் மோடத்துக்குள் பாக்கெட் வரிசை கட்டி நிற்கிறது. கர்னல் 4.19-இல் வந்த கேக் என்னும் பாக்கெட் வரிசை நிர்வாகி இதற்கு மருந்து:

டிசி கியூடிஸ்க் ரீப்ளேஸ் டெவ் … ரூட் கேக் பேண்ட்விட்த் 18எம்பிட்

20-இல் 18 என்பது வேண்டுமென்றே. வரிசை மோடத்தில் சேராமல் நம் கணினியில் சேர வேண்டும். அப்போதுதான் கேக் அதை ஒழுங்குபடுத்த முடியும். பேண்ட்விட்த் கொடுக்காமல் போட்டால் கார்டு கிகாபிட்டில் தள்ளிவிடும், வரிசை பழையபடி மோடத்துக்கே போகும். வீட்டுக் கைபேசிகளின் அப்லோடு இந்தக் கணினி வழியாகப் போகாததால் அவற்றுக்கு இதில் பலன் இல்லை. அதற்கு ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்) வேண்டும். மறுதொடக்கத்தில் இந்த அமைப்பு அழிந்துவிடும். நிரந்தரமாக்க கணினி தொடங்கும்போது தானே ஓடும் சிஸ்டம்டி சர்வீஸ் ஒன்று எழுதலாம்.

தூக்கிப்போட்டவை

'டிசிபி_டிடபிள்யூ_ரீசைக்கிள்' 2017-இல் கர்னல் 4.12-இலேயே நீக்கப்பட்டது, அந்த வரியைப் போட்டால் பிழைச் செய்திதான் வரும். விண்டோவைப் பெரிதாக்க விடும் விண்டோ ஸ்கேலிங், தொலைந்த பாக்கெட்டை மட்டும் திரும்ப அனுப்ப உதவும் சாக் இரண்டும் ஏற்கெனவே 1, அதாவது இயக்கத்தில். பாக்கெட்டில் நேரம் குறிக்கும் டைம்ஸ்டாம்பை அணைத்தால் பாக்கெட்டுக்கு 12 பைட் மிச்சம். தாமதத்தை அளக்கும் துல்லியம் போய்விடும், நஷ்டமே. தளப் பெயருக்கு முகவரி தரும் டிஎன்எஸ் சர்வரை மாற்றுவது பெரும்பாலும் பக்கம் திறக்கத் தொடங்கும் நேரத்தை மட்டும் தொடுகிறது; டவுன்லோடை அல்ல.

சிஸ்சிடிஎல் கோப்பில் இப்போது இருப்பது டிசிபி_ஆர்மெம், எம்டியு_புரோபிங் என இரண்டே வரி. டவுன்லோடு பக்கத்து வரிசையை ஐஎஃப்பி என்னும் மெய்நிகர் கார்டு வழியாகத் திருப்பிக் கேக்கிடம் கொடுத்துப் பார்ப்பது பாக்கி.