கேமன் ஓட்டிட்டு வந்து மறுபடி 800ல உக்காந்தப்ப

போன ரெண்டு தடவையும் கோவை பக்கம் செட்டிபாளையத்துல இருக்குற கரி ரேஸ் டிராக்குக்கு நம்ம 98 மாடல் மாருதி 800 மட்டும்தான் போச்சு. 2.1 கிலோமீட்டர் டிராக்ல மொத தடவை ஒரு ரவுண்டுக்கு 1:49 (ஒரு நிமிஷம் 49 செகண்ட்), அடுத்த தடவை 1:43. இந்த ஞாயித்துக்கிழமை ஃபிரெண்ட் ஒருத்தரு அவரோட போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார கொண்டு வந்து சாவியவே கையில குடுத்துட்டாரு, பெரிய மனசுங்க.

800ல பிரேக் ஃப்ளூயிட் மாத்தினேன், போன தடவை நாலாவது ரவுண்டுலயே பெடல் பஞ்சாட்டம் அமுங்கிருச்சு, கடைசியா எப்ப மாத்தினேன்னு எனக்கே ஞாபகமில்ல. ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் வீட்லயே இறக்கியாச்சு. தீராத தலைவலி ஒண்ணுதான், நீளமான வளைவுல வண்டி சாஞ்சதும் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புறது) கிண்ணத்துல பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி இன்ஜினுக்கு விக்கல் எடுக்குது, அரை செகண்ட்தான், ஆனா 796 சிசி, 40 எச்பி கூட இல்லாத வண்டில போன வேகத்த திரும்பப் புடிக்க பாதி டிராக் ஆகுது. டைம் 1:41. இத்தனைக்கும் இந்த டிராக்குக்கே பேரான ரேஸர் கரிவரதன் மாருதி இன்ஜினப் போட்டுத்தான் ஃபார்முலா ரேஸ் காரே கட்டுனாரு, ஃபார்முலா ஒன் வரைக்கும் போன நரேன் கார்த்திகேயன் அதுல ஓட்டுனவரு, அவங்களுக்கும் இப்டி விக்குச்சான்னு தெரியல.

அப்புறம் கேமன். ரெண்டு லிட்டர் டர்போ, 300 எச்பி, இன்ஜின் நம்ம முதுகுக்குப் பின்னாடி. 800க்கு டயர் அகலம் 145 மில்லிமீட்டர், இதுக்குப் பின் டயர் மட்டும் 265. வெயிட்டு 800 மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல, ஆனா பிரேக்க மிதிச்சா சீட் பெல்ட் நெஞ்ச அழுத்துது. சின்ன வண்டிதான் ஜாலின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவன் நானு, நெஜமா சொல்றேன், இதுதான் ஓட்ட சுலபம். நான் பண்ணுன தப்ப எல்லாம் வண்டியே மறைச்சுருச்சு. பயந்து பயந்து ஓட்டியே 1:21.

இறங்கி மறுபடி 800ல உக்காந்தா எல்லாம் ஸ்லோ மோஷன்ல வருது. மொத வளைவுக்கு இத்தனை நாளும் சும்மா பயத்துல பிரேக் அடிச்சிருக்கேன்னு அப்பதான் புரிஞ்சுது, ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தாலே போதும். 1:38! விக்கல் அப்டியேதான் இருக்கு, அடுத்த வாரம் கார்புரேட்டர் கிண்ணத்துல பெட்ரோல் எவ்ளோ நிக்கணும்னு வெக்கிற ஃப்ளோட் லெவல தொட்டுப் பாக்கணும்.