கல் தெரிந்த பிள்ளைகளுடன் பெங்களூரு

மே 3

எங்கள் பள்ளியின் பெங்களூரு சுற்றுலாவுக்கான பெற்றோர் ஒப்புதல் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. கடைசிக் கடிதத்துக்காகப் பர்கூர் பக்கத்துக் கிராமம் ஒன்றுக்கு நானே போனேன். அந்த மாணவியின் தாயும் தந்தையும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளை பாட்டியிடம் வளர்கிறாள். "வேலைக்கு இல்லாமல் எதற்கம்மா பெங்களூருக்குப் போகவேண்டும்?" என்று பாட்டி கேட்டார். "சுற்றிப் பார்க்கத்தான் பாட்டி" என்றேன். சற்று யோசித்துவிட்டுக் கைநாட்டு வைத்தார்.

இங்கே எத்தனையோ வீடுகளில் அந்த ஊர் என்றால் கூலி மட்டும்தான். நாளைக்குச் சாரம் கட்டவோ கல் பதிக்கவோ போகும்படி நேர்ந்தாலும், அதற்கு முன்னால் ஒரு முறையாவது இவர்கள் அங்கே விருந்தாளியாக நுழைய வேண்டும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை.

மே 6

பஸ்ஸுக்குக் கர்நாடக பர்மிட் கிடைத்துவிட்டது. ஓட்டுநர் அண்ணன், "நேராக லால்பாக் வாசலிலேயே இறக்கிவிடுகிறேனே டீச்சர்" என்கிறார். நான் பொம்மசந்திராவிலேயே இறங்கிக்கொள்கிறோம் என்றேன். மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ரயில் கிடையாது. திருப்பத்தூரிலிருந்து வந்துகொண்டிருந்த குறுகிய பாதையும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தோடு போயிற்று. என் பிள்ளைகளில் பலர் ரயிலில் கால் வைத்ததில்லை. 2025 ஆகஸ்டில் திறந்த மெட்ரோவின் மஞ்சள் வழித்தடம் பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. ரோடு வரை ஓடுகிறது. ஏறத்தாழ 19 கிலோமீட்டர், 16 நிலையங்கள். அங்கே பச்சை வழித்தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிலையம் லால்பாக். பஸ் அங்கே வந்து காத்திருக்கட்டும்.

மே 9, இரவு

விடியும் முன் கிளம்பினோம். சூளகிரி தாண்டியதும் காற்று குளிர்ந்தது. மெட்ரோ நகரத் தொடங்கியபோது ஒருவரும் கத்தவில்லை. எல்லோரும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டார்கள். கீழே வாகனங்கள் நின்றுகொண்டிருக்க நாங்கள் மேலே போனோம்.

லால்பாக் 1760இல் ஐதர் அலி தொடங்கிய தோட்டம். 1889இல் எழுந்த கண்ணாடி மாளிகையை எல்லோரும் போல நாங்களும் பார்த்தோம். ஆனால் எங்கள் நேரமெல்லாம் பாறையில்தான் கழிந்தது. கெம்பேகௌடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள். அதைச் சொல்ல நான் வாய் திறக்குமுன், எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் குந்தி உட்கார்ந்துவிட்டான். அவன் அப்பா கல் குவாரியில் வேலை செய்பவர். பாட்டிலைச் சாய்த்துக் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்தான். சாம்பல் பூத்துக் கிடந்த இடத்தில் வெளுப்பும் கறுப்புமாகக் கோடுகள் பளிச்சென்று எழுந்தன. ஓரிடத்தில் வளைந்து, மடிந்து, மறுபடி நேராயின. "கோடு ஓடும் பக்கம் உளி வைத்தால் சுலபமாகப் பிளக்கும் டீச்சர். குறுக்கே வைத்தால் முனை மழுங்கிவிடும்" என்றான். பாடப் புத்தகத்தில் உருமாறிய பாறை என்று நான் நடத்தியதை அவன் விரலால் காட்டிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

நம் மாவட்டப் பாறைகளிலும் பல, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்றேன். "அதையா அப்பா உடைக்கிறார்?" என்றான்.

மரத்தடியில் புளிச்சோறும் மோரும். பிற்பகல் கஸ்தூரிபா சாலையில் விசுவேசுவரய்யா அருங்காட்சியகம். ரைட் சகோதரர்கள் 1903இல் பறக்கவிட்ட விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே இருக்கிறது. துணியும் மரமுமாக இருக்கும் அதன் இறக்கையைப் பார்த்துவிட்டு, பாட்டியிடம் வளரும் அந்த மாணவி, "இதை நாமே செய்யலாம் போலிருக்கிறதே" என்றாள். செய்யலாம் என்றுதான் நானும் சொன்னேன். திரும்பும்போது அத்திப்பள்ளியில் நெரிசல். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள்.

மே 12

அந்தப் பையன் செய்தித்தாளில் சுற்றிக் குவாரிக் கல் ஒன்றைக் கொண்டுவந்தான். கூடவே அவன் அப்பாவும் வந்திருந்தார். லென்ஸ் வைத்துப் பார்க்கச் சொன்னேன். பளபளக்கும் துகள்களை நெடுநேரம் பார்த்தார். நம் மாவட்டத்து மல்லசந்திரத்தில் பெருங்கற்காலக் கல்திட்டைகள் இருக்கின்றன; இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி எழுப்பியவை. அத்தனை பெரிய பலகைக் கற்களை இரும்புக் கருவிகள் மட்டும் வைத்து எப்படிப் பிளந்திருப்பார்கள் என்று பிள்ளைகளுக்கு அங்கேயே நின்று விளக்க முடியுமா என்று கேட்டேன். "நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லையே டீச்சர்" என்றார். பையன்தான், "வாங்கப்பா" என்று கையைப் பிடித்து இழுத்தான். குவாரிக்கு ஞாயிறு விடுமுறை என்பதால் ஜூனில் ஒரு ஞாயிறு போகிறோம். உளியும் சம்மட்டியும் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.