பார்வை தெரியவில்லையா, எழுத்து தெரியவில்லையா?

எனக்குக் கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் பேச்சு தமிழ், படித்தது தமிழ் மீடியம், பஸ் போர்டு மட்டும் மலையாளம். பிளஸ் டூ முடித்ததும் கோயம்புத்தூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கண் மருத்துவ உதவியாளர் வேலைக்கான இரண்டு வருடப் பயிற்சிக்குச் சேர்ந்தேன். இப்போது ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு கண் பரிசோதனை மையத்தில் வேலை. தங்கச்சிமார் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், அதனால் எழுதுகிறேன்.

"நர்ஸ் வேலையா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். இல்லை. பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிப் பவர் கணக்கிடுவது, ஆபரேஷன் தியேட்டரில் உதவுவது, பயப்படுகிறவர்களுக்கு விளக்கிச் சொல்வது எல்லாம் இதில் வரும். மதுரையில் 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் ஆஸ்பத்திரி வளர்ந்ததில், கிராமத்துப் பெண்களை இப்படிப் பழக்கி எடுத்ததற்குப் பெரிய பங்கு உண்டு.

நேர்காணலுக்கு அம்மாவையும் வரச் சொன்னார்கள். என்னிடம் கேட்டதைவிட அம்மாவிடம் கேட்டதுதான் அதிகம்: நடுவில் கல்யாணம் பேசிக் கூட்டிக்கொண்டு போய்விடுவீர்களா? வீட்டில் இதை முன்கூட்டியே பேசி முடித்துவிட்டுப் போங்கள்.

தியரிக்குப் பயப்பட வேண்டாம். கார்னியா, ஐரிஸ், லென்ஸ், ரெட்டினா என்று கண்ணின் பாகங்களை, வெளிச்சம் உள்ளே போகும் வழியிலேயே படம் போட்டுப் படித்தால் மனதில் நிற்கும். ஆட்டி வைத்தது கண்ணாடிப் பவரைக் கண்டுபிடிக்கும் ரெட்டினோஸ்கோப் கருவிதான். கண்ணுக்குள் வெளிச்சக் கோட்டை விட்டு அசைப்போம். கண் பாப்பாவில் தெரியும் கோடு நாம் அசைக்கும் பக்கமே வந்தால் பிளஸ் லென்ஸ், எதிர்ப்பக்கம் போனால் மைனஸ். அசைவு நிற்கும் வரை லென்ஸை மாற்றிக்கொண்டே போக வேண்டும். 66 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்து பார்த்தால், அந்தத் தூரத்துக்காகக் கடைசியில் வருகிற எண்ணில் 1.5 கழிக்க வேண்டும். முதல் பிராக்டிகலில் கை நடுக்கத்தில் மூன்று பேருக்குமே கழிக்க மறந்தேன். மூன்றும் தப்பு. அதற்கப்புறம் 66 சென்டிமீட்டருக்கு ஒரு நூலை வெட்டிப் பையில் வைத்துக்கொண்டு, ராத்திரி ஹாஸ்டலில் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்துப் பழகினோம். தூரம் கைக்குப் பழகிவிட்டால் கணக்கும் தானாக நினைவுக்கு வரும்.

பார்வை அளப்பது சுலபம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆறு மீட்டர் தள்ளி உட்கார வைத்து சார்ட்டைப் படிக்கச் சொல்ல வேண்டியதுதானே! இரண்டாம் வருடம் ஒரு பெரியவர் வந்தார், எங்கள் ஊர்ப் பேச்சு. தமிழ் எழுத்து சார்ட்டைக் காட்டினேன். மேல் எழுத்தே தெரியவில்லை என்றார். மேல் எழுத்துக்கான அளவு 6/60; அதற்கும் கீழே என்று எழுதிவிட்டேன். கண்ணாடி போட்டால் சரியாகுமா என்று பார்க்க, சிறு துளை போட்ட பின்ஹோல் தட்டை வைத்தும் மாற்றமில்லை. சீட்டைப் பார்த்த சீனியர் அக்கா ஒன்றும் பேசாமல் மலையாள எழுத்து சார்ட்டை மாட்டினார். பெரியவர் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் 6/12 வரி வரைக்கும் கடகடவென்று வாசித்தார். அவர் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ் பேசுவார், எழுத்து வராது. அதை என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். நான் எழுதியதை நம்பியிருந்தால் மனிதரை எத்தனை அறைக்கு அலைய விட்டிருப்பார்களோ!

இன்னொன்று: வலது கண்ணுக்குப் படித்ததை மனப்பாடமாக வைத்துக்கொண்டு இடது கண்ணுக்கும் ஒப்பிப்பவர்கள் உண்டு. இரண்டாவது கண்ணுக்கு வரியைக் கடைசியிலிருந்து படிக்கச் சொல்லுங்கள்.

சேரும் முன் சர்டிபிகேட் பற்றித் தெளிவாகக் கேளுங்கள். ஆஸ்பத்திரி தரும் பயிற்சிச் சான்றிதழ் வேறு, கண் பரிசோதனைக்கான நான்கு வருட பி.ஆப்டம் பட்டம் வேறு. அரசு வேலைக்கு இது செல்லுமா, உதவித்தொகை எவ்வளவு, பயிற்சி முடிந்ததும் எத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். நான் வாய்ப்பேச்சை நம்பிப் போய், ஊருக்கு மாற்றல் வாங்குவதற்குள் படாத பாடு பட்டேன்.

இப்போது நாற்காலியில் உட்கார்ந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சீங்க?" சிலர் கேரளத்துச் சித்தூர் என்பார்கள், சிலர் பொள்ளாச்சி என்பார்கள். அதற்கேற்ற சார்ட்டை மாட்டுவேன். "நான் எங்க கண்ணு படிச்சேன்?" என்று சிரிக்கிற ஆத்தாக்களுக்கு, இங்கிலீஷ் E எழுத்து மட்டும் பல பக்கம் திரும்பி நிற்கும் சார்ட். அந்த E-யின் மூன்று கால் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று, மூன்று விரலை நீட்டிக் காட்டச் சொல்வேன்.