ஆச்சி கேட்ட கருவாடு

திருநெல்வேலியில் செங்கோட்டை பாசஞ்சர் ஏறினால் பேட்டை தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல்தான். பிசான நெல் அறுத்து முடித்திருந்தார்கள். சேரன்மகாதேவியில் இறங்கி, நண்பனின் பைக்கில் ஆற்றைத் தாண்டி முக்கூடல் பக்கம் போனோம். அன்று அவன் அப்பாவுக்கு வருஷத் திதி. அதற்காக அங்கே ஒரு முதியோர் இல்லத்தில் மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டியிருந்தான். தலையைக் காட்டிவிட்டுப் பாபநாசம் போய் அகத்தியர் அருவியில் குளிப்பதாகத் திட்டம். அருவிக்குப் போகவே இல்லை.

காரணம் ஒரு ஆச்சி. பந்தியில் எல்லோரும் பாயசம் வாங்கிக்கொள்ள, அவர் மட்டும் இலையை மடக்கிவிட்டார். “சீனி இருக்காச்சி?” என்று கேட்டேன். “சீனியும் இருக்கு, சலிப்பும் இருக்கு. அமாவாசைக்கு அமாவாசை மூணு வீட்டுப் பாயசம் வருது. மத்த நாள்ல ரசந்தான்.” நண்பன் நெளிந்தான். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

முக்கூடல் என்றாலே பீடிதான். ஆச்சிக்குப் பதினோரு வயதில் மடியில் பீடி சுற்றும் தட்டு ஏறியதாம். இலை வருவது மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் இருந்து. இரவில் தண்ணீரில் நனைத்து, ஈரச் சாக்கில் சுருட்டி வைத்தால் விடியும்போது பதமாக இருக்கும். தகரத்தை அளவாக வைத்துக் கத்தரித்து, புகையிலைத் தூளைப் பரப்பிச் சுருட்டி, முனையை மடக்கி, நூல் கட்டவேண்டும். இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. நாற்பது கட்டு சேர்ந்தால் ஆயிரம். அதுதான் ஒரு நாள் கணக்கு.

“பொண்ணு பாக்க வந்தவிய என் மூஞ்சியவா பாத்தாவ? கையத்தான் பாத்தாவ. நாளைக்கு எத்தன சுத்துவான்னு கேட்டாவ. ஆயிரத்துக்குக் கொறையாதுன்னு எங்கம்மா சொன்னா. தட்டு மாத்திட்டாவ.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கம்பெனி கொடுக்கும் இலை ஓட்டையும் சொத்தையுமாக வந்தால் ஆயிரம் தேறாது. குறைகிற இலையைக் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். போதாததற்கு செக்கிங்கில் வேறு கழித்துவிடுவார்கள். கழித்ததற்குக் கூலி கிடையாது, பீடியும் திரும்பி வராது. இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பில்லை. “அந்தக் கழிச்ச பீடிய யாரு குடிச்சா?” என்று என்னிடம் கேட்டார், நான்தான் ஏஜெண்ட் என்பதுபோல.

முற்றத்தில் ஒரு வாதாமரம். கீழே கிடந்த ஒரு காய்ந்த இலையை எடுத்து, கிண்டித் தண்ணீரில் நனைத்துத் துடைத்து, நகத்தாலேயே கிழித்துச் சுருட்டிக் காட்டினார். வலது பெருவிரல் நகம் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. அந்தத் தேய்ந்த பக்கம் முனையில் நாலு அமுக்கு அமுக்கியதும் பீடியின் வாய் மூடிக்கொண்டது. கண் அந்தப் பக்கமே போகவில்லை. அவர் என்னைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். முடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இலை தடிப்பு. செக்கிங்ல நிக்காது” என்று எறிந்தார்.

பீடித் தொழிலுக்கு 1977-இல் பி.எஃப். வந்தது. 1995-இல் ஓய்வூதியத் திட்டம் வந்தது. 2014 முதல் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய். ஆச்சிக்கும் அதுதான். “அன்னைக்கு நாளுக்கு ஆயிரம் சுத்துனேன். இன்னைக்கு மாசத்துக்கு ஆயிரம் தாராவ.”

2023 டிசம்பர் மழையில் வீட்டின் பின்சுவர் இடிந்து விழுந்தது. மகன் திருப்பூருக்குக் கூட்டிப்போனான். கொஞ்ச நாளில் ஆச்சியே கிளம்பி இந்த இல்லத்துக்கு வந்துவிட்டார். “அங்க ஒரே ரூமு. நான் படுத்தா மருமவளுக்குக் காலு நீட்ட எடமில்ல. அவ ஒண்ணும் சொல்லல, நல்ல பிள்ள. எனக்குத்தான் மூச்சு முட்டுச்சு. இங்கன்னா நெனச்சா ஆத்துல போயி முங்கிட்டு வரலாம்.”

மேற்பார்வையாளர் அம்மா இடையில் வந்தார். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கேட்டு மனு கொடுக்கலாம், சேரன்மகாதேவி சப் கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில்தான் இருக்கிறது என்றார். சட்டம் நல்ல சட்டம்தான், கைவிடப்பட்டவர்களுக்கு அது வேண்டும். ஆனால் ஆச்சி தன்னை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. “அவனே பனியன் கம்பெனில பீஸ் ரேட்டுக்குத் தைக்கான். பீஸ் ரேட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?”

முதியோர் இல்லம் என்றால் கண்ணீரோடு திரும்ப வேண்டும் என்று நமக்கு ஒரு பழக்கம். பிள்ளைகளைத் திட்டிவிட்டு, போட்டோ எடுத்துப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுவோம். திருப்பூர் வாடகையையும் பீடிக் கூலியையும் திட்ட யாருக்கும் தோன்றுவதில்லை.

கிளம்பும்போது நண்பன், “அடுத்த தடவ என்ன கொண்டாரட்டும் ஆச்சி?” என்றான். காத்திருந்ததுபோல் பதில் வந்தது. “சாளக் கருவாடு. கத்திரிக்கா போட்டுக் கொழம்பு. வாறவன் பூரா புண்ணியத்துக்குன்னு சாம்பாரும் பாயசமுமா வைக்கான்.”

அவன் சமையல்கார அக்காவைப் பார்த்தான். செவ்வாய், வெள்ளி ஆகாது என்றார் அக்கா. புதன்கிழமை என்றால் தானே வைத்துத் தருவதாகவும், கருவாட்டை மட்டும் தூத்துக்குடியில் வாங்கிவரச் சொன்னார். அதற்குள் ஆச்சி உள்ளே போய் இன்னும் யார் யாருக்கு வேண்டும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு வந்துவிட்டார். பதினேழு பேர்.