துறை சராசரி 60 வந்த கதை

"துறை சராசரி பி.இ. 60. இந்தப் பங்கு 38தான். இதைவிட மலிவா எங்க கிடைக்கும் அண்ணா?" மார்த்தாண்டத்தில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் தாளை நீட்டிச் சொன்னார்கள். பி.இ. என்பது பங்கின் விலையை, ஒரு பங்குக்கான ஓராண்டு லாபத்தால் வகுத்தால் வரும் எண். வேகமாக வளரும் ரசாயனக் கம்பெனி, பெயர் வேண்டாம். எந்தெந்தக் கம்பெனிகளைச் சேர்த்து இந்த 60 வந்தது என்று கேட்டேன். மேலிடத்திலிருந்து வந்த ஷீட், பட்டியலைத் திங்கட்கிழமை எடுத்துத் தருகிறேன் என்றார் பாறசாலைக்கார சேட்டன். திங்கட்கிழமை மேம்பாலத்தடி நெரிசலைத் தாண்டிப் போனால், ஆள் நாகர்கோவில் போய்விட்டாராம். பட்டியலா? "அது அவருக்குத்தான் தெரியும்."

சரி, நாமே பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். அந்தத் துறையில் லாபம் காட்டும் மற்ற ஏழு கம்பெனிகளின் பி.இ. இப்படி இருந்தது: 22, 28, 31, 34, 36, 41, 228. கூட்டி ஏழால் வகுத்தால் அச்சு அசலாக 60! அந்த 228 ஒன்றும் வளர்ச்சியால் வந்ததல்ல. லாபம் வற்றிப்போய், வகுக்கும் எண் சிறுத்ததால் எகிறிய விகிதம். அதைத் தள்ளினால் சராசரி 32. தள்ளாமலே வரிசையின் நடு எண்ணை எடுத்தால் 34. அப்போது 38 எப்படி மலிவாகும்? நஷ்டக் கம்பெனிகளை இந்தக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்புறம் பங்குச்சந்தைத் தளத்தில் காலாண்டு முடிவுகளைத் திறந்து 'இதர வருமானம்' என்ற இடத்தைப் பார்த்தேன். விலை 380, நாலு காலாண்டும் சேர்த்துப் பங்குக்கு லாபம் 10 ரூபாய். அதில் 2 ரூபாய், வரி போக, நிலம் விற்ற காசு! தொழிலில் வந்தது 8தான். உண்மையான பி.இ. 47.5. அந்தத் தொழில் லாபம் வளர்ந்ததோ 19 சதவீதம். பி.இ.யை இந்த வளர்ச்சியால் வகுத்தால் வருவது பி.இ.ஜி., இங்கே 2.5. ஒன்றை ஒட்டி இருந்தால் நியாய விலை என்பார்கள்.

இன்னொன்று. தனிக் கணக்கு லாபத்தையும், துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த லாபத்தையும் கலந்து ஒப்பிடாதீர்கள். 2021 மார்ச் கடைசியில், 50 பெரிய கம்பெனிகளின் குறியீடான நிஃப்டியின் பி.இ.யையே ஒருங்கிணைந்த கணக்குக்கு மாற்றினார்கள். 40 வாக்கில் இருந்த எண் ஒரே நாளில் 33 வாக்கில் வந்து நின்றது, சந்தை அப்படி ஒன்றும் விழாமலே.

காலாண்டு முடிந்து 45 நாளுக்குள், நிதியாண்டின் கடைசிக் காலாண்டு என்றால் 60 நாளுக்குள், முடிவை வெளியிட்டாக வேண்டும். அடுத்த முடிவு வரட்டும். தொழில் லாபத்துக்கு 34 மடங்கு கொடுக்கலாம் என்று வைத்திருக்கிறேன். இன்றைய கணக்கில் அது 272 ரூபாய்.