நானூறு வந்துரும்ல சார்?

"எட்டு எஸ்டேட், எஸ்டேட்டுக்கு அம்பது பேர். நானூறு வந்துரும்ல சார்?" என்று கேட்டார் தேயிலைத் தோட்ட ரத்தசோகை ஆய்வின் களப்பணி மேற்பார்வையாளர். "வந்துரும்" என்றேன். அந்த ஒரு சொல் இன்னும் உறுத்துகிறது.

பெருக்கல் தப்பில்லை. இலை பறிக்கும் பெண்களில் எத்தனை சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்பதை 5 புள்ளி கூடக்குறைய, 95% உறுதியோடு சொல்ல வேண்டும். விகிதம் தெரியாதபோது பாதி என்று வைத்துக்கொள்வோம். 95% உறுதிக்கு 1.96, பாதிக்கு 0.5 × 0.5 = 0.25, 5 புள்ளிக்கு 0.05 × 0.05 = 0.0025: 1.96 × 1.96 × 0.25 ÷ 0.0025 = 384.16. ஆக 385 பேர். ஆனால் இது எல்லாருடைய பெயரும் கையில் இருந்து, சீட்டுக் குலுக்கி எடுத்தால்தான்.

ஒரே லைன் வீடுகளில் இருப்பவர்களுக்கு ஒரே ரேஷன், ஒரே தண்ணீர், ஒரே டிஸ்பென்சரி. ஐம்பதாவது பெண்ணின் ரத்தம் புதிதாகச் சொல்வது கொஞ்சம்தான். அதற்குத்தான் டிசைன் எஃபெக்ட், இடம் இடமாக எடுக்கும்போது எத்தனை பேர் சேர்ந்தால் சீட்டுக் குலுக்கி எடுத்த ஒருவருக்குச் சமம் என்ற கணக்கு: 1 + (ஓரிடத்து ஆட்கள் − 1) × ஐ.சி.சி. ஓரிடத்து ஆட்கள் ஒருவரையொருவர் எவ்வளவு ஒத்திருக்கிறார்கள் என்பதன் அளவுதான் இந்த ஐ.சி.சி. அது 0.05 என்றால் 1 + 49 × 0.05 = 3.45. நம் 400 பேர் 116 பேருக்குத்தான் சமம். இடமும் எட்டே என்பதால் 1.96 போதாது, 2.36 போட வேண்டும். பிழை 11 புள்ளியைத் தொடும். அதே 400 பேரை 40 இடத்தில் பத்துப் பத்தாக எடுத்திருந்தால் 6 புள்ளியோடு நின்றிருக்கும்.

நாற்பது இடத்துக்கு ஜீப் யார் தருவது? பெண்கள் மொத்தமாகக் கூடுவதே இலை எடை போடும்போதுதான். மதியத்துக்கு மேல் மிஸ்ட் இறங்கினால் அடுத்த எஸ்டேட்டுக்குப் போவதும் கஷ்டம். தவிர, 0.05 என்பதே ஊகம், 0.02 ஆக இருந்தால் 400 பேர் 202 பேருக்குச் சமம், அவ்வளவு மோசமில்லை. இப்படிச் சொல்லிக்கொள்ளும்போதே கூடலூர் நினைவுக்கு வருகிறது. கூடலூரும் கோத்தகிரியும் ஒரே உயரமா? உயரம் ஏற ஏற ஹீமோகுளோபின் கூடும். ரத்தசோகைக்கான வரம்பை உயரத்துக்கேற்பத் திருத்தாமல் எண்ணினால் இடத்துக்கு இடம் வித்தியாசம் பெருத்து, ஐ.சி.சி.யும் ஏறிவிடும்.

ஆள் வராவிட்டால் என்ன செய்வது என்றும் கேட்டார். 10% பேர் தவறுவார்கள் என்றால் 385 ÷ 0.9 = 428. அது எண்ணிக்கையைத்தான் சரிக்கட்டும். வேலைக்கு வராதவள் ரத்தசோகையால்தான் படுத்திருக்கிறாளோ என்னவோ. பக்கத்து வீட்டுக்காரியை வைத்து அந்த இடத்தை நிரப்ப முடியாது.

படிவத்தில் 'மாதிரி அளவு' என்று ஒரு கட்டம்தான் இருந்தது. எத்தனை இடம் என்று கேட்க எந்தக் கட்டமும் இல்லை. 400 என்று நிரப்பினேன்.