எம்.ஏ. மேடமும் யாகுலம் ஆயாவும்

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையின் ஏற்றுமதிப் பிரிவில் எனக்கு வேலை. ஜூன், ஜூலையில் பெங்களூரா மாங்காய் லாரிகள் கேட்டுக்கு வெளியே வரிசை கட்டி நிற்கும். உள்ளே நான் இன்வாய்ஸ், கூழின் இனிப்பைச் சொல்லும் பிரிக்ஸ் அளவு, லேப் சான்றிதழ் என்று காகிதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

ஸ்பெயினின் வாலென்சியாவிலிருந்து ஓர் அம்மா மெயில் அனுப்புவார். அடியில் பெயர் இருக்கும் இடத்தில் எம், ஒரு புள்ளி, மேலே தூக்கி வைத்தாற்போல் ஒரு சின்ன ஏ, அப்புறம் தொலோரெஸ். அதைப் பார்த்த மேனேஜர், "எம்.ஏ. படிச்சவங்கப்பா, இங்கிலீஷைப் பார்த்து எழுது" என்றார். மூன்று சீசனாக அவர் எங்களுக்கு எம்.ஏ. மேடம்தான்.

போன வருடம் வீடியோ காலில் நான் வாய்தவறி இதைச் சொல்லிவிட்டேன். அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அது பட்டம் இல்லையாம். மரியா என்பதை ஸ்பெயினில் அப்படித்தான் சுருக்கி எழுதுவார்களாம். மரியா தொலோரெஸ் என்பது முழுப் பெயர், வீட்டிலும் வெளியிலும் லோலா. சரி, தொலோரெஸ் என்றால் என்ன என்று கேட்டேன். வலிகள், துயரங்கள் என்றார். 'மரியா தெ லோஸ் தொலோரெஸ்', துயரங்களின் மரியாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எலத்தகிரியில் இருந்த என் ஆயாவின் பெயர் வியாகுலமேரி. வியாகுலம் என்றாலும் துயரம்தான்.

ஆயா பிறந்தது செப்டம்பர் 15, வியாகுல மாதா திருநாள். பங்குச் சாமியார் ஞானஸ்நானத்தில் அதையே பெயராக வைத்துவிட்டார். ஊர் வாயில் 'வி' உதிர்ந்து யாகுலம் ஆகிப்போனது. அவர் வீட்டுச் சுவரில் ஒரு படம் உண்டு. மாதாவின் நெஞ்சில் ஏழு வாள்கள் குத்தியிருக்கும், ஒரு துயரத்துக்கு ஒரு வாள். சிறுவயதில் அவற்றை எண்ணிக்கொண்டே தூங்கியிருக்கிறேன். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடியது ஒரு வாள். பன்னிரண்டு வயதில் எருசலேமில் மூன்று நாள் அவரைத் தொலைத்துவிட்டுத் தேடியது இன்னொன்று. அடக்கம் செய்ததுதான் கடைசி. ஆயாவுக்கு மட்டும் அந்தத் தொலைத்த கதையில்தான் குரல் கம்மும். "ஜாத்திரையில புள்ளையைத் தொலைச்சுப் பாரு, அப்பத் தெரியும்" என்பார்.

இந்தப் பக்தியை வளர்த்தவர்களில் முக்கியமானவர்கள் 1233இல் பிளாரன்ஸ் நகரில் ஏழு பேர் தொடங்கிய மரியாளின் ஊழியர் சபையினர். 1814இல் திருத்தந்தை ஏழாம் பயஸ் இத்திருநாளைத் திருச்சபை முழுவதற்கும் ஆக்கினார். ஸ்பெயினில் குருத்து ஞாயிறுக்கு முந்தைய வெள்ளிக்கும் தொலோரெஸ் வெள்ளி என்றே பெயர்.

மாதாவின் பட்டங்களைப் பெண்களுக்கு வைப்பதில் அவர்களும் நாமும் ஒரே ஜாதி. பிலார் என்றால் தூண், சோலெதாத் தனிமை, கொன்சுவேலோ ஆறுதல். மெர்சிடிஸ்கூட கிருபைகள்தான், கார் வியாபாரி ஒருவர் தன் மகள் பெயரைக் காருக்கு வைக்கப்போய் நமக்கு அது கம்பெனியாகத் தெரிகிறது. நம்மூரில் சகாயமேரி, அடைக்கலமேரி, ஆரோக்கியமேரி. இதில் துயரத்தையே பெயராக வைத்தது மட்டும் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. பிள்ளைக்குப் போய் யாராவது வேதனை என்று வைப்பார்களா?

வைத்தார்கள், ஏராளமாக. 1930 வாக்கில் அமெரிக்காவில் பெண் குழந்தைகளுக்கு அதிகம் வைத்த முதல் இருபது பெயர்களில் தொலோரெஸும் ஒன்று. மெக்சிகோவிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன தொலோரெஸ் தெல் ரியோ புகழோடு இருந்த காலம் அது. ஸ்பெயினின் கம்யூனிஸ்ட் தலைவர் தொலோரெஸ் இபாரூரி 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது மாட்ரிட்டில் எதிரிப் படையைக் குறித்து "கடந்து வர முடியாது" என்று முழங்கியவர். சுரங்கத் தொழிலாளி மகள். பிள்ளைகள் பலரைச் சிறுவயதிலேயே பறிகொடுத்தவர். அவருக்கு அந்தப் பெயர் பொருந்தித்தான் போயிற்று.

இப்போது அங்கே தொலோரெஸ் பாட்டிமார் பெயர். பிறக்கிற பிள்ளைகளுக்கு நேராக லோலா என்றே வைத்துவிடுகிறார்களாம். வலி போய்ச் செல்லம் மட்டும் மிஞ்சியது. எங்கள் ஊரிலும் வியாகுலம் என்று யாரும் வைப்பதில்லை.

அதனால்தான் தங்கச்சிக்குப் பெண் பிறந்தபோது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஆயா பெயரை வைத்த மாதிரியும் ஆச்சு, ஸ்டைலாகவும் ஆச்சு, லோலா என்று வைக்கலாமே என்றேன். அப்பா, ஸ்திரீலோலன் என்பதில் வருகிற லோலனா என்று முகம் சுளித்தார். அதைக்கூடச் சமாளித்திருப்பேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "லோலாவா? உங்க ஆயா காலம்பூரா லோல்பட்டது போதாதா?" என்றார்.

குழந்தைக்கு 'ஜெ'யில் தொடங்கும் ஒரு பெயர் வைத்தாயிற்று. பெயர் என்ன ஆயிற்று என்று லோலா மேடம் மெயிலில் கேட்டிருக்கிறார். லோல்படுவதை இங்கிலீஷில் எப்படி எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.